ஒரு விரல் உள்ளே

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கட்டியவன் செங்கல்லில் நன்றாக மிச்சம் பிடித்திருக்கிறான். அங்கே ஒருவர் தும்மினால் இங்கே நான் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும். ஆகையால் நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் பார்த்தது, பாதி சுவர் சொன்னது. மிச்சமெல்லாம் பக்கத்து வீட்டுத் தங்கச்சி பின்பக்கக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே என்னிடம் கொட்டியது. கூடப் பிறந்தவள் இல்லை. அண்ணே என்று கூப்பிட்ட நாளிலிருந்து தங்கச்சிதான்.

நான் கோல்ஃப் கிளப்பின் சமையல்காரன், வீடும் கிளப் கொடுத்ததுதான். தங்கச்சியின் புருஷன் அதே கிளப்பில் புல்லுக்குத் தலைமை. மைதானத்தில் ஒரு புல் தலை சாய்ந்தாலும் அவரிடம் காரணம் சொல்லிவிட்டுத்தான் சாய வேண்டும். வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘ஒருவிரல்’.

பெயருக்குக் காரணம் உண்டு. பந்து விழும் குழியைச் சுற்றிக் கம்பளம் விரித்த மாதிரி ஒட்ட வெட்டிய புல் இருக்கும். அதற்குக் கிரீன் என்று பெயர். அதைத் தாண்டினால் புல் உயரம். கிரீன் வெட்டும் மெஷினின் கத்தி தரையை உரசிக்கொண்டு போவது. கொஞ்சம் தவறி வெளியே ஏறினால் உயரமான புல்லை வேர்வரை வழித்துவிடும், அந்த இடம் சொட்டையாகிவிடும். கிரீன் ஓரத்தில் சொட்டை என்றால் வெட்டியவன் தலை உருளும். அதனால் எவன் மெஷினைத் தொட்டாலும் இவர் பின்னாலேயே நடந்து, “ஓரத்துக்கு ஒரு விரல் உள்ளயே நில்லு. ஏறாத, ஏறாத” என்று ஓதுவார். இவர் தலைமைக்கு வந்த பிறகு ஒரு கிரீனிலும் சொட்டை விழுந்ததில்லை.

அந்த ஒரு விரல் அவர் உடம்பிலேயே ஊறிவிட்டது. சைக்கிளைச் சுவரில் சாய்க்க மாட்டார், ஒரு விரல் தள்ளி நிறுத்துவார். டீ குடித்தாலும் தம்ளரின் அடியில் ஒரு விரல் வைப்பார். தங்கச்சி அதை வாங்கிக் குழாயடியில் இருந்த மிளகாய்ச் செடிக்கு ஊற்றுவாள். “டீ குடிக்கிற மிளகா எங்க வீட்லதான் காய்க்குது” என்பாள். அவருக்குச் சிரிப்பு வராது. உதடு மட்டும் ஒரு பக்கம் போய்விட்டு வரும்.

இந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு போட்டோ. கிளப்புக்குப் புதிதாக வந்த தலைவர் கூடத்துக்கு வெள்ளையடிக்கச் சொன்னார். அலமாரியை நகர்த்தியபோது பின்னால் ஆகாயத்திலிருந்து எடுத்த பழைய படம் ஒன்று கிடைத்தது. எங்கள் மைதானம்தான். ஆனால் அதில் கிரீன்கள் எல்லாம் பெரிது பெரிதாக, ஒன்று மாதிரி ஒன்று இல்லாமல், கோணல் மாணலாக, பார்க்க அத்தனை லட்சணமாக இருந்தன. இன்றைக்கு இருப்பவையோ என் சமையலறைத் தட்டுகளை வரிசையாகக் கவிழ்த்த மாதிரி, எல்லாமே சின்ன வட்டம்.

இந்த மைதானத்தை முதன்முதலில் வரைந்தவர் பெரிய கை. அவர் பெயரைச் சொல்லித்தான் ஊர் ஊரிலிருந்து ஆட வருகிறார்கள். தலைவருக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. சமையலறை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “யாரோ இந்த மைதானத்துல கை வச்சிருக்கான். யாருன்னு எனக்குத் தெரியணும். இப்ப இருக்கிற ஆள் காலத்துல நடந்திருந்தா அவர் வீட்டக் காலி பண்ணிட்டுப் போகலாம்.”

பக்கத்து வீட்டுக்காரர் அசரவில்லை. “நான் ஒரு புல்லக்கூட எடம் மாத்தினது கிடையாது சார். கண்டுபுடிக்க ஆளு வேணும்னா என் மச்சினன் இருக்கான். பழைய கட்டடம், பழைய தோட்டம்னு தேடித்தேடி எழுதுறவன். சொந்தக்காரன்னு பாக்காதீங்க, பொய் எழுத மாட்டான்.” அவரே வாயைக் கொடுத்து அவனை வரவழைத்தார். தலைவரும் யோசித்துப் பார்த்துவிட்டு, “வரட்டும். பொய் எழுதினா நாறப்போறது அவன் பேர்தானே” என்றார்.

தங்கச்சியின் தம்பி அந்த வாரமே வந்து இறங்கினான். ஒல்லி உடம்பு, கனத்த மூக்குக்கண்ணாடி. வேலையாட்கள் அவனுக்கு உடனே ‘ஆராய்ச்சி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வந்த அன்றைக்குச் சாப்பாட்டில் அவர்கள் பேசியது சுவர் வழியாக அப்படியே வந்தது.

“மாப்ள, நல்லாத் தேடு. எவன் பண்ணினான்னு மட்டும் சொல்லு. அவன் சட்டையப் புடிக்கணும் நான்.”

“செத்துப்போன ஆளா இருந்தா மாமா?”

“தோண்டி எடுத்தாவது புடிப்பேன்.”

“மொதல்ல சோத்தப் பாருங்க. தோண்டுறத அப்புறம் தோண்டலாம்” என்றாள் தங்கச்சி. மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. நானும் இந்தப் பக்கம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டேன்.

வெயில் காலம். காற்று அனலாக அடித்தது. ஆராய்ச்சி கிளப்பின் பழைய சாமான் அறைக்குள் போனால் மத்தியானம் தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வருவான். நான் ரொட்டியும் முட்டையும் கொடுப்பேன். முதலில் அவனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. முதலாமவர் கையால் வரைந்த படம் கிடைத்தது. அதற்கு அப்புறம், முதலாமவர் போய்ச் சேர்ந்த பிறகு, இன்னொருவரை வரவழைத்து மைதானத்தை மாற்றியிருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. அந்த இரண்டாமவர் படமும் சுருட்டிய பாயாக மூலையில் கிடந்தது.

அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கால் தரையில் பாவவில்லை. “நான் சொன்னேன்ல? சொன்னேனா இல்லியா? அவன்தான்! வந்தான், கெடுத்தான், போனான்” என்று என் அடுப்படி வரை வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் மனசு லேசானது. இரண்டாமவரும் போய்ச் சேர்ந்தவர்தான், பழி செத்தவர் தலையில் விழுந்தால் யாருக்கும் வலிக்காது என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் சுவரில் வேறு குரல்.

“மாமா, ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. ரெண்டாமவர் பந்து மாட்டுற மணல்குழிய எல்லாம் மாத்தியிருக்காரு. சிலத மூடியிருக்காரு, சிலதப் புதுசா வெட்டியிருக்காரு. ஆனா கிரீன் மேல கையே வைக்கல. அவர் படத்துலயும் கிரீன் பெருசாத்தான் இருக்கு.”

“அப்ப?”

“அவருக்கு அப்புறம் நடந்திருக்கு.”

“அப்புறம்னா?”

“அப்புறம்தான் மாமா.”

அதற்கு மேல் பாத்திரம் எடுத்து வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தங்கச்சி மெதுவாக வைக்கிறவள். அன்றைக்கு ஒவ்வொன்றையும் இடித்து இடித்து வைத்தாள்.

ஆராய்ச்சி அடுத்தபடியாக ஒரு இரும்புக் குழாய் செய்துகொண்டு வந்தான். அதைத் தரையில் குத்தித் திருகி இழுத்தால் விரல் தடிமனுக்கு மண் அப்படியே உருளையாக வரும். பார்த்துவிட்டு உருளையை அதே துளையில் திரும்பப் போட்டு, காலால் அமுக்கிவிடுவான். ஒன்பதாவது கிரீனைச் சுற்றித்தான் நிறையக் குத்தினான். அது என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது.

இரண்டு நாள் குத்தினான். மூன்றாம் நாள் சாப்பிட வரவில்லை. அன்றைக்கு மத்தியானம் நான் வீட்டுப் பின்வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது குழாயடியில் அக்காவும் தம்பியும் வந்து நின்றார்கள். என்னைப் பார்த்தார்கள், பார்த்தும் பேசினார்கள். அந்த வரிசை வீடுகளில் ரகசியம் என்று ஒன்று கிடையாது.

அவன் கையில் ஒரு மண் உருளை. “பாருக்கா. கிரீன்ல மட்டும்தான் வருஷா வருஷம் மணல் தூவுவாங்க, தரை சமமா இருக்கிறதுக்கு. வெளியே தூவ மாட்டாங்க. அப்ப வெளியே தோண்டி உள்ள மணல் வந்தா, அந்த எடமும் ஒரு காலத்துல கிரீனா இருந்திருக்கு.”

“சரி.”

“தூரத்துல குத்தினா பழைய பழுப்பு மணல் ரொம்ப ஆழத்துல கெடக்கு. கிட்ட வர வர மேல மேல வருது. ஒரே நாள்ல எவனும் சுருக்கலக்கா. கொஞ்சங் கொஞ்சமா, வெட்ட வெட்டவே சுருங்கியிருக்கு. சொட்டை விழுந்துரும்னு பயந்து ஓரத்துக்கு உள்ள நின்னு வெட்டுறாங்கல்ல? வெட்டாம விட்ட எடத்துல புல்லு வளந்துருது. அடுத்த தடவ அதுக்கு உள்ளதான் ஓரம். அதுலேருந்து மறுபடி உள்ள...”

தங்கச்சி கையில் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரம் அப்படியே நின்றது. “ஒரு விரலு” என்றாள்.

“ஆமா.”

“அவருக்கு முன்னாடி இருந்தவங்களும் அப்படித்தானடா வெட்டியிருப்பாங்க?”

“வெட்டினாங்க. ஆனா அவங்க அசட்டையா வெட்டினவங்க. ஒரு நாளு உள்ள, ஒரு நாளு வெளிய. சொட்டை விழும், திட்டு வாங்குவாங்க, ஆனா ஓரம் அவ்வளவா நகரல. மாமா ஒரு நாள்கூடத் தவறல. அதான்க்கா வெனை. கிட்ட குத்தினா பழுப்புக்கு மேல வெள்ளை மணல் இருக்கே, அது யாரு கொண்டாந்தது?”

“அவருதான். பழுப்பு மணல் கெடைக்காமப் போச்சு. லாரியில ஏறி உக்காந்து அவரே போயிப் பாத்துட்டு வந்தாரு.”

“அந்த வெள்ளை இப்ப இருக்கிற ஓரத்துக்கு வெளியே நாலு அடி வரைக்கும் இருக்கு. மத்தவங்க எல்லாரும் சேந்து சுருக்கினதவிட இவர் ஒருத்தர் சுருக்கினது அதிகம்.”

நான் உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தேன். சோம்பேறி ஒருவன் அந்த வேலையில் இருந்திருந்தால் மைதானம் பிழைத்திருக்கும் என்றால் இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

தங்கச்சி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “இத எழுதப்போறியா?”

“வேற என்னக்கா எழுதுறது?”

“அந்த ரெண்டாமவரு செத்துட்டாருல்ல?”

“செத்து ரொம்ப வருஷமாச்சு.”

“அப்ப அவருக்கு என்னடா நஷ்டம்? அவருதான் கிரீனையும் சுருக்கினாருன்னு எழுது.”

“அக்கா, கையெழுத்துப் போடுறது நான். நாளைக்கு வேற ஒருத்தன் வந்து குத்திப் பாத்தா என் பொழப்பே போயிரும்.”

“உன் பொழப்பு போயிரும். எங்க பொழப்பு? இந்த வீடு போனா எங்க போய் நிப்போம்? இந்த வயசுல அவர எவன் சேத்துப்பான்? நீ காலேஜுக்குப் போட்டுட்டுப் போக சட்டை இல்லாம நின்னியே, அப்ப யாரு சட்டைய மாட்டிக்கிட்டுப் போன?”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

“அவருகிட்ட மட்டும் மூச்சு விடாத” என்றாள். “அவருக்கு வீடு போனாக்கூடப் பரவாயில்லடா. நாமதான் கெடுத்தோம்னு தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சிருவாரு.”

அவன் தலையை ஆட்டினான். சம்மதித்து ஆட்டினானா, தாங்காமல் ஆட்டினானா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை வெட்டுகிறவர்கள் வருவதற்கு முன்பே போய், ஒப்பிட்டுப் பார்க்கத் துளையில் போடாமல் கிரீனைச் சுற்றி வைத்திருந்த மண் உருளைகளை எல்லாம் அவசர அவசரமாகத் துளைகளில் செருகிவிட்டு வந்தான்.

அந்த அவசரத்தில் ஒன்றைத் தலைகீழாகச் செருகிவிட்டான், புல் கீழே, மண் மேலே.

அன்றைக்கு மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. வெயில் காலத்து மழை, அடித்துக்கொண்டு கொட்டி நின்றது. மண்ணைக் கழுவிவிட்டது. மறுநாள் காலை நான் பால் காய்ச்சிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வழக்கம்போல ஒன்பதாவது கிரீனைச் சுற்றி வந்தவர் நின்றார். குனிந்தார். பிறகு ஈரப் புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து எதையோ நெம்பினார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பால் பொங்கி அடுப்பு அணைந்தது, நான் கவனிக்கவில்லை. கடைசியில் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து, எழுந்த வேகத்தில் இரண்டு எட்டு பின்னால் போய் நின்றார். கிரீனை மிதிக்கவே பயப்படுகிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் தங்கச்சி துவைக்க வந்தாள். சட்டையை உதறியவள் என்னைக் கூப்பிட்டாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“அண்ணே, இங்க பாருங்க.”

பையின் தையலில் நாலைந்து மணல் துணுக்கு. வெள்ளை.

“கேட்டியா?”

“என்னன்னு கேப்பேன்? வாய் வரலண்ணே. வந்தாரு, டீ குடிச்சாரு, வழக்கம்போல ஒரு விரல் வச்சாரு. தம்பி ஏதோ பேச்சுக் குடுத்தான். ம், ம்னாரு. தெரியும்னு சொல்லிட்டாலாவது பரவாயில்ல. இப்படி நெஞ்சுல வச்சு அமுக்குனா என்ன பண்ணுவேன்?”

அறிக்கை வாசிக்க இன்னும் சில நாள் இருந்தது. அந்த நாட்களில் சுவர் ஊமையாகிவிட்டது. மூன்று பேர் இருக்கிற வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டால் அடுத்த வீட்டில் இருப்பவனுக்குச் சோறு இறங்குமா? மைதானத்திலும் அவர் மெஷின் பின்னால் நடப்பதை நிறுத்திவிட்டார். ‘ஏறாத’ என்ற குரல் இல்லாமல் வெட்டுகிறவர்கள் தடுமாறினார்கள். ஒருத்தன் என்னிடமே வந்து கேட்டான். “ஒருவிரலுக்கு ஒடம்புக்கு என்னண்ணே?”

அறிக்கை நாளன்று தலைவர் ஒன்பதாவது கிரீன் பக்கத்திலேயே நாற்காலி போடச் சொன்னார். கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருக்க, நான் டீத் தட்டோடு போய் நின்றேன். ஆராய்ச்சி காகிதத்தைப் பிரித்தான். முதலாமவரைப் பற்றி நன்றாகத்தான் வாசித்தான். இரண்டாமவரிடம் வந்ததும் குரல் இறங்கிவிட்டது. மணல்குழிகளை மாற்றியது அவர், கிரீன்களைச் சுருக்கியதும் அவரே, அதற்குப் பிறகு மைதானத்தில் யாரும் கை வைக்கவில்லை என்று மென்று முழுங்கி முடித்தான்.

தலைவர் சாய்ந்து உட்கார்ந்தார். “அப்ப நம்ம ஆள் மேல தப்பில்ல. நல்லதாப் போச்சு” என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டீயை நீட்டினேன்.

“சார்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஓரமாக நின்றிருந்தவர் முன்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மிட்டாய் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே காய்ந்துபோன மண் உருளை. “இது நான் நிக்கிற எடத்துலேருந்து எடுத்தது. கிரீனுக்கு வெளியே. நடுவுல வெள்ளையாத் தெரியுது பாருங்க, அது என் மணல். ரெண்டாமவரு காலத்துல இந்த மணல் இந்தப் பக்கம் வந்ததே இல்ல.”

“மாமா...” என்றான் ஆராய்ச்சி.

“நீ இரு மாப்ள.” அவர் திரும்பக்கூட இல்லை. “ஓரத்துக்கு ஒரு விரல் உள்ள நின்னு வெட்டச் சொன்னது நான். சொட்டை விழக் கூடாதுன்னு சொன்னேன். அது இப்படி உள்ள உள்ள வரும்னு நான் நெனச்சுப் பாக்கல. தெனம் பாக்குற கண்ணுக்குத் தெரியலங்க. செத்துப்போன மனுஷன் என் புல்லுக்கு வந்து பதில் சொல்ல வேணாம். அவர் கிரீனத் தொடல. நான்தான் தொட்டேன்.”

தலைவர் அவரைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். “குடும்பமாச் சேந்து எனக்குக் கத சொல்ல வந்தீங்களா?”

“அவன் என்னைக் காப்பாத்தப் பாத்தான் சார். குத்தம் சொல்லணும்னா என்னச் சொல்லுங்க.”

“சொல்றேன். வேலை இந்த மாசத்தோட சரி. மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணுங்க. உன் காகிதத்த நீயே வச்சுக்கோப்பா” என்று ஆராய்ச்சியைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தார். டீயை யாரும் தொடவில்லை. ஆறிய டீயைத் தூக்கிக்கொண்டு திரும்புவதைப் போல ஒரு சமையல்காரனுக்கு அவமானம் வேறில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

அன்றைக்குச் சுவர் வாயைத் திறந்தது.

“ரெண்டு பேரும் உங்களுக்காகத்தானே பொய் சொன்னோம்!” தங்கச்சியின் குரல் கிழிந்தது. “அவன் தன் பேரையே பணயம் வச்சான். வாய மூடிட்டு நின்னிருந்தா வீடு இருந்திருக்கும். யாரு கேட்டா உங்கள?”

“யாரும் கேக்கல.”

“அப்புறம் எதுக்கு?”

அவர் பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். “நீங்க எழுதின கதைய நின்னு கேட்டேன். ஒருத்தர் வந்தாரு, வரைஞ்சாரு. இன்னொருத்தர் வந்தாரு, மாத்தினாரு. அதுக்கப்புறம் யாரும் கை வைக்கலன்னு வாசிச்சான். அப்ப நான் எங்கடி போனேன்? விடியிறதுக்கு முன்னாடி எந்திரிச்சு இத்தன வருஷம் அங்க போயி என்ன பண்ணினேன்? அந்தக் கதையில நான் அங்க வேலையே பாக்கல. கெடுத்தேன், சரி. கெடுத்ததும் நான்தானே?”

ஆராய்ச்சி மெதுவாகச் சொன்னான். “நான் திருத்தி எழுதுறேன் மாமா. மூணாவதா உங்க பேரப் போட்டு எழுதுறேன். அவங்க வாங்குனாலும் சரி, வாங்காட்டியும் சரி.”

“மெஷின் புடிச்சவன் எல்லார் பேரையும் போடு. என் பேர மொதல்ல போடு.”

மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. யாரும் கேட்காமலே அவர் ஒரு காரியம் செய்தார். மச்சினனை அந்த இரும்புக் குழாயோடு கூட்டிப் போய் ஒன்பதாவது கிரீனைச் சுற்றிக் குத்தச் சொன்னார். பழுப்பு மணல் எங்கே முடிகிறதோ அங்கேயெல்லாம் குச்சி நட்டு, கயிறு கட்டினார். கோணல் மாணலாக ஒரு பெரிய உருவம் புல்லில் விழுந்தது. போட்டோவில் இருந்த அதே உருவம். பிறகு மெஷினை அவரே பிடித்தார். ஓரத்துக்கு வந்ததும் நிற்கவில்லை, ஏறினார். கத்தி உயர்ந்த புல்லை வழித்தது. பின்னால் சொட்டை சொட்டையாக விழுந்துகொண்டே வந்தது. வெட்டுகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

“அண்ணே, சொட்டை விழுதுண்ணே” என்றான் ஒருத்தன், தாங்கமாட்டாமல்.

“விழட்டும். மணலத் தூவு. வந்துரும்.”

தலைவர் கூடத்து வாசலில் நின்று பார்த்தார். நிறுத்தச் சொல்லவும் இல்லை, கூப்பிட்டுப் பேசவும் இல்லை.

வீட்டைக் காலி செய்த அன்று சாமானெல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. அடுப்பும் போய்விட்டதால் டீ நான்தான் போட்டுக் கொடுத்தேன். அவர் குழாயடியில் நின்றபடியே குடித்துவிட்டுத் தம்ளரைத் தங்கச்சியிடம் நீட்டினார். பிறகு சைக்கிளை எடுக்கப் போனார். அவள் பழக்கத்தில் தம்ளரை மிளகாய்ச் செடிக்கடியில் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. ஒரு தரம் உதறிப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். வேலை போனபோது அழாதவள், வீடு போகும்போது அழாதவள், காலித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.